பொண்ணு குடுத்துப் பொண்ணெடுத்த வீடு

குலதெய்வக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் என்று பேச்செடுத்தால் அடுத்த மாசமே எனக்கு வேலை வந்துவிடும். மலர் போட வேண்டும், மலரில் கூட்டத்தின் (குலத்தின்) கொடிவழி வர வேண்டும் என்று கமிட்டிக்காரர்கள் மஞ்சப் பையோடு வருவார்கள். பைக்குள் தலைக்கட்டு வரி நோட்டு இருக்கும், பழைய கல்யாணப் பத்திரிகைகள் இருக்கும், யாரோ ஒரு வாத்தியார் எப்போதோ முழுத்தாளில் வரைந்து மடிப்பு விட்டுப்போன படம் ஒன்றும் இருக்கும். பத்திர எழுத்து வேலையில் வாரிசுகளை வரிசைப்படுத்தியே கை பழகியவன் நான். ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர், ஒடையகுளம், கோட்டூர் என்று சுற்றுவட்டத்தில் இந்த வேலைக்கு என்னைத் தேடி வருவது அதனால்தான்.

முதலில் வாத்தியார் படத்தைத்தான் விரிப்பேன். ஓரிடத்தில் அடித்து அடித்து எழுதி, தாளே கறுத்துப் போயிருக்கும். அது எந்த இடம் என்று பெயர்களைப் படிக்காமலே சொல்லலாம். இரண்டு தோட்டத்துக்காரர்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்திருப்பார்கள். இல்லையென்றால் அண்ணன் தம்பி இருவரும் ஒரு வீட்டு அக்கா தங்கையைக் கட்டியிருப்பார்கள். ஒரே பந்தல், ஒரே முகூர்த்தம், இரண்டு தாலி. செலவும் மிச்சம், பூமியும் வெளியே போகாது. கல்யாணம் சுலபமாக முடிந்துவிட்டது, வாத்தியாருக்குத்தான் கோடு போட முடியவில்லை.

இப்போது படித்த பிள்ளைகள் தாங்களே கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். "ஒரே ஆள் ரெண்டு தடவ வர்றாருங்க, ஏத்துக்க மாட்டேங்குது" என்பார்கள். கம்ப்யூட்டருக்கு அதில் ஒரு சங்கடமும் கிடையாது. சங்கடமெல்லாம் படத்துக்குத்தான்.

நான் வைத்திருப்பது கிராம்ப்ஸ் என்ற மென்பொருள். 2001இல் தொடங்கியது, காசு கொடுக்க வேண்டியதில்லை. அதில் ஆள் ஒரு பதிவு, குடும்பம் வேறு பதிவு. ஆளுக்கு 'ஐ'யில் தொடங்கும் எண், குடும்பத்துக்கு 'எஃப்'பில் தொடங்கும் எண். ஓர் ஆளைப் பற்றி அது கேட்பது இரண்டே விஷயம்: எந்தக் குடும்பத்தில் பிள்ளை, எந்தக் குடும்பத்தில் கணவன் அல்லது மனைவி. மோர்மன் திருச்சபையார் 1984இல் கொண்டுவந்த ஜெட்காம் என்ற கோப்பு முறையும் இதே கணக்குத்தான். 2021இல் வந்த ஏழாம் பதிப்பு வரைக்கும் அந்த அடிப்படை மாறவில்லை. ஆகவே பெண் கொடுத்துப் பெண் எடுத்த கதைக்குப் பெற்றவர்கள் குடும்பம் இரண்டு, பிள்ளைகள் நாலு பேர், புதுக் குடும்பம் இரண்டு. நாலு குடும்பப் பதிவும் எட்டு ஆள் பதிவும் போட்டால் முடிந்தது. இந்தக் குடும்பத்து மாப்பிள்ளையும் அந்தக் குடும்பத்து மருமகளும் உடன்பிறந்தவர்கள் என்று தனியாக எங்கேயும் எழுத வேண்டாம். இருவரும் ஒரே பெற்றோர் குடும்பத்தில் பிள்ளைகளாகக் கோக்கப்பட்டிருந்தால் அது தானாக விளங்கும்.

கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் முதல் பயிற்சி தசரதன் வீடு. சிரிப்பார்கள். ஏற்ற ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுவிடும். தசரதனுக்கு மூன்று மனைவியர், ஆகவே மூன்று குடும்பப் பதிவு. லட்சுமணனும் சத்ருக்கனனும் மட்டும் ஒரு தாய் வயிறு. ராமனும் லட்சுமணனும் ஜனகன் வீட்டுச் சீதையையும் ஊர்மிளையையும் கட்டுகிறார்கள். பரதனும் சத்ருக்கனனும் ஜனகனின் தம்பி மக்களான மாண்டவியையும் சுருதகீர்த்தியையும் கட்டுகிறார்கள். சீதை உழவுசாலில் கிடைத்தவள் என்பதால் ஜனகனோடு அவளைக் கோக்கும்போது 'பிறப்பு' என்று போடக் கூடாது, 'வளர்ப்பு' என்று மாற்ற வேண்டும். இந்த ஒரு வீட்டைப் பிசகில்லாமல் ஏற்றிவிட்டால் எங்கள் பக்கத்து எந்தத் தோட்டத்துக் கதையையும் ஏற்றிவிடலாம்.

வெள்ளைக்காரர்களுக்கு இதெல்லாம் புதிது என்று நினைக்க வேண்டாம். சார்லஸ் டார்வினின் அம்மா சூசன்னா, பீங்கான் தொழிலுக்குப் பெயர்போன வெட்ஜ்வுட் வீட்டுப் பெண். சூசன்னாவின் தம்பி இரண்டாம் ஜோசையா வெட்ஜ்வுட். 1837இல் டார்வினின் அக்கா கேரொலைன் அந்த மாமன் மகனைக் கட்டினாள். 1839இல் டார்வின் மாமன் மகள் எம்மாவைக் கட்டினார். அச்சு அசலாகப் பொண்ணு குடுத்துப் பொண்ணெடுத்த வீடு. கேரொலைனின் மகள் வயிற்றுப் பேரன்தான் ரால்ஃப் வான் வில்லியம்ஸ் என்ற இசையமைப்பாளர். பிற்காலத்தில் டார்வினுக்கு மனசு உறுத்தியிருக்க வேண்டும். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களைப் பற்றி 1871 மக்கள்தொகைக் கணக்கில் ஒரு கேள்வி சேர்க்கச் சொல்லிப் பார்த்தார், நாடாளுமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு அவர் மகன் ஜார்ஜ் டார்வின் தானே கணக்கெடுத்து 1875இல் ஒரு கட்டுரை எழுதினார். இந்தக் கதையைச் சொன்னால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு டார்வின் மேல் திடீரென்று ஒரு பிரியம் வந்துவிடுகிறது.

உண்மையான தொல்லை, ஒரே ஆள் இரண்டு பதிவாக நுழைந்துவிடுவது. கிழக்குத் தோட்டத்தில் உட்கார்ந்து கேட்டால் அவர்கள் தங்கள் பிள்ளைகளையும் சம்பந்தி வீட்டு இரண்டு பேரையும் சொல்வார்கள். மேற்குத் தோட்டத்தில் கேட்டால் அதே நாலு பேரை வேறு பெயரில் சொல்வார்கள். இங்கே சின்னக்கண்ணு, அங்கே சாமியாத்தா. பேரனுக்குத் தாத்தன் பெயரை வைக்கும் பழக்கத்தால் இரண்டு தலைமுறை தள்ளி இன்னொரு ஆள் அதே பெயரில் நிற்பார். கேட்கக் கேட்க ஏற்றிக்கொண்டே போனால் நாலு பேர் எட்டுப் பேராகிவிடுவார்கள்.

பத்திரங்கள் இந்தக் குழப்பத்தைக் கூட்டும். பெண்ணின் பெயரில் அப்பன் வீட்டில் எழுதிய தானப் பத்திரத்தில் 'இன்னார் மகள்' என்றிருக்கும். புருசன் வீட்டுப் பாகப்பிரிவினையில் 'இன்னார் மனைவி'. பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகளில் அந்த அப்பனும் இந்தப் புருசனும் அக்கம்பக்கத்துப் பூமிக்காரர்கள், சர்வே எண்கள்கூட அடுத்தடுத்து வரும். அதே ஆளா வேறு ஆளா என்பது பத்திரத்தை மட்டும் வைத்துத் தெரியாது. மென்பொருளில் ஒத்த பதிவுகளைத் தேடி இணைக்கிற வசதி உண்டு. ஆனால் எழுத்துக்கூட்டலும் பிறந்த வருசமும் ஏறக்குறைய ஒத்திருந்தால்தான் அது கண்டுபிடிக்கும். சாமியாத்தாளும் சின்னக்கண்ணும் ஒருத்தி என்று அதற்கு யார் சொல்வது?

எனக்குச் சொல்வது மொய் நோட்டு. மொய் நோட்டில் ஆள் பெயரைவிடத் தோட்டத்தின் பெயர்தான் முந்தி வரும். ஒரே கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டு நோட்டிலும் பெண் வீட்டு நோட்டிலும் ஒரே ஆள் மொய் வைத்திருந்தால், அவர் இரண்டு பக்கத்துக்கும் உறவு என்று தெரிந்துகொள்ளலாம். கருமாதிப் பத்திரிகையும் உதவும். அதில் பிறந்த வீட்டுக்காரர்களைத் தனியாகப் போடுவார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய சாட்சி அமுச்சிமார், அதாவது பாட்டிமார். ஆனால் அந்தத் தலைமுறைப் பெண்கள் புருசன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். எங்களுக்கு வடக்கே நீலகிரியில் 1902இல் தோடர்களிடம் வம்சாவளி கேட்டு எழுதிய ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயருக்கும் இதே மாதிரி ஒரு தடை இருந்தது. செத்துப்போன சொந்தக்காரர் பெயரைத் தோடர்கள் வாயால் சொல்வதில்லை. அவர் வேறு ஆட்களிடம் கேட்டுத்தான் நிரப்பினார். மானிடவியலில் வம்சாவளி முறை என்று பெயர் வாங்கிய வேலை அது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீட்டில் எனக்கு அந்த அலைச்சல் இல்லை. இரண்டு மருமகள்களையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்துவிடுவேன். இவள் புருசன் அவளுக்குக் கூடப்பிறந்தவன், அவள் புருசன் இவளுக்குக் கூடப்பிறந்தவன். "நங்கையா, நீயே சொல்லு" என்று ஒருத்தி தலையைக் குனிந்துகொள்வாள், மற்றவள் உரக்கச் சொல்வாள். அடுத்த கேள்விக்கு ஆள் மாறும்.

தேதி கேட்டால் சம்பவம் வரும். "ஆழியாத்து டேம்ல வேல நடந்துச்சுங்க, அப்பத்தான் எங்களுக்குக் கல்யாணம்" என்றால் 1960 வாக்கில் என்று போட்டுக்கொள்வேன். மென்பொருளில் 'சுமார்' என்று குறிக்க இடமிருக்கிறது. தமிழ் வருசப் பெயரைச் சொன்னால் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். தாது வருசம் என்றால் 1876ஆ, 1936ஆ, 1996ஆ? 1876இன் தாது வருசப் பஞ்சத்தில் பிறந்தவர் என்று பெருமையாகச் சொல்லப்பட்டவருக்கு 1970களின் வாக்காளர் பட்டியலில் நாற்பது வயது போட்டிருக்கும்.

இப்போது இந்த வேலையின் நடு இடத்துக்கு வருகிறேன். அண்ணன் தம்பி, அக்கா தங்கையைக் கட்டினால் அவர்கள் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் யார்? அண்ணன் தங்கை. அப்பா வழியிலும் அப்படித்தான், அம்மா வழியிலும் அப்படித்தான். அதே சமயம் ஓர் அண்ணன் தங்கை, இன்னோர் அண்ணன் தங்கையோடு பெண் மாற்றிக்கொண்டால் அந்தப் பிள்ளைகள்? மாமன் மக்கள், அத்தை மக்கள். கட்டிக்கிற முறை. கல்யாணத்தில் இணைச்சீர் செய்யும்போது மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவளைப் பக்கத்தில் உட்கார வைக்கிறார்களே, உன் வீட்டில் பிறக்கிறது என் வீட்டுக்கு என்று உரிமை சொல்வதாகத்தான் பெரியவர்கள் அதற்கு விளக்கம் சொல்வார்கள்.

ரத்தக் கணக்கில் இந்த இரண்டுக்கும் துளி வித்தியாசம் கிடையாது. இரண்டிலும் பிள்ளைகளுக்கு நாலு தாத்தா பாட்டியும் பொது. சாதாரண மாமன் மக்கள் சராசரியாக 12.5 சதவீதம் மரபணுவைப் பகிர்கிறார்கள் என்றால் இவர்கள் 25 சதவீதம். மென்பொருளின் உறவு காட்டும் கருவியும் இரண்டுக்கும் ஒரே ஆங்கிலச் சொல்லைத்தான் காட்டும். எங்கள் ஊரில் ஒன்றுக்குப் பந்தல் போடுவார்கள், இன்னொன்றை நினைத்தாலே ஊர் இரண்டாகும். அமெரிக்காவில் லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற வழக்கறிஞர் 1859இல் ஆர்க்காட்டுப் பாதிரியார் ஸ்கடரிடம் நம் உறவுமுறைப் பெயர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவை தம் பக்கத்துச் செவ்விந்தியர்களின் முறையோடு ஒத்துப்போவதைப் பார்த்து அசந்துபோனார். 1871இல் அவர் போட்ட தடிப் புத்தகத்தில் அந்தத் தமிழ் அட்டவணை இருக்கிறது. அப்பாவின் அண்ணனையும் அம்மாவின் அக்கா புருசனையும் நாம் பெரியப்பா என்கிறோம். அம்மாவின் அண்ணனையும் அத்தை புருசனையும் மாமா என்கிறோம். சகோதரர்கள் சகோதரிகளைக் கட்டுவதும் பெண் மாற்றிக்கொள்வதும் இந்த ஏற்பாட்டில் ஏற்கெனவே இடம் வாங்கி வைத்திருக்கின்றன. எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் கூப்பிடும் பெயர் மாறாது. அதனால்தான் ஊரில் ஒருவரும் குழம்புவதில்லை.

அந்த முறையைக் கோப்புக்குள் கொண்டுவர நான் செய்வது ஒன்றுதான். ஒவ்வோர் ஆளுக்கும் பிறந்த கூட்டத்தைத் தனிக் குறிப்பாக ஏற்றுவேன். ஆந்தை, காடை, தூரன், செங்கண்ணன், எதுவாக இருந்தாலும். பெண்களுக்கும் பிறந்த கூட்டமே, கல்யாணத்துக்குப் பிறகு மாற்றுவதில்லை. மென்பொருள் குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவேன். நமக்கு இருப்பது இனிஷியல், அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அந்தக் கட்டத்தில் கூட்டத்தை அடைத்தவர்களின் கோப்பில் மனைவிகள் எல்லாரும் புருசன் கூட்டமாகிவிடுவார்கள், யார் எந்த வீட்டுப் பெண் என்பதே அழிந்துபோகும். குறிப்பு சரியாக இருந்தால் பெண் மாற்றிய வீட்டுப் பிள்ளைகள் இரண்டு கூட்டமாகத் தெரிவார்கள், அண்ணன் தம்பி கட்டிய வீட்டுப் பிள்ளைகள் ஒரே கூட்டமாகத் தெரிவார்கள். முறை பார்க்க அதற்கு மேல் என்ன வேண்டும்?

வெளிநாட்டில் இருக்கும் பேரன் ஒருவன் எச்சில் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு ராத்திரியில் கூப்பிட்டான். சித்தப்பா மகனை 'பாதிச் சகோதரனாக இருக்கலாம்' என்று காட்டுகிறதாம். "அப்பாவுக்கு வேற குடும்பம் ஏதாச்சும் இருந்துச்சுங்களா?" என்று குரல் தழுதழுத்தது. ஒரே அப்பன், வேறு வேறு தாய் என்றாலும் பங்கு அதே 25 சதவீதம்தான். உன் அம்மாவும் சித்தியும் கூடப்பிறந்தவர்கள், அப்பாவும் சித்தப்பாவும் கூடப்பிறந்தவர்கள், போய்த் தூங்கு என்றேன்.

இந்த மாதிரி வீடுகளில் அடிக்கடி பார்க்கிற இன்னொன்று சுவீகாரம். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை, தம்பிக்கு நாலு. இரண்டு மருமகளும் அக்கா தங்கை. ஒரு பிள்ளையை மாற்றிக் கொடுப்பதில் அங்கே யாருக்கும் தயக்கமில்லை. அந்தப் பிள்ளையை இரண்டு குடும்பத்திலும் கோக்க வேண்டும், ஒன்றில் பிறப்பு, ஒன்றில் தத்து. எந்த வழியாக ஏறினாலும் அதே தாத்தா, அதே பாட்டி. அதேபோல் அக்காள் பிரசவத்தில் போய், தங்கையை அதே மாப்பிள்ளைக்குக் கொடுத்தால் மாப்பிள்ளைக்கு இரண்டு குடும்பப் பதிவு வரும். மூத்தாள் பிள்ளைகள் முன்பும் அவளைச் சித்தி என்றுதான் கூப்பிட்டார்கள், பின்பும் அப்படியே.

பெண் மாற்றிக்கொள்வதில் பயமும் உண்டு. அங்கே ஒரு சண்டை வந்தால் இங்கே ஒருத்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். பாகிஸ்தான் கிராமங்களில் மூன்றில் ஒரு கல்யாணம் இப்படித்தான் நடக்கிறது, வட்டா சட்டா என்கிறார்கள். ஜேகோபியும் மன்சூரியும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், இந்த இருபக்கப் பயமே பெண்ணை அடி உதையிலிருந்து ஓரளவு காப்பதாகக் கண்டார்கள். எங்கள் பக்கம் ஒரு ஜோடி பிரிந்தும் மறு ஜோடி சந்தோஷமாக இருந்த வீடுகளும் எனக்குத் தெரியும். கோப்பில் பிரிவைக் குறிக்க இடமிருக்கிறது, மலரில் குறிக்கக் கமிட்டி விடாது. கோப்பில் இருக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

கடைசியாகப் படம். தலைமுறைக்கு ஒரு வரிசை என்று போட்டு வரைந்தால், பெண் மாற்றிய இடத்தில் ஒரு கோடு இன்னொரு கோட்டை வெட்டியே தீரும். நாலு பேரை எப்படி மாற்றி நிறுத்தினாலும் சரி. நடுவில் ஒரு ஜோடியைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தலாம். ஓரத்தில் நிற்கும் மற்ற ஜோடியைச் சேர்க்கும் கோடு நடு ஜோடியின் பிள்ளைகளுக்கு இறங்கும் கோட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அடுத்த தலைமுறையில் அந்த மாமன் மகளை அத்தை மகன் கட்டினால் இன்னும் வேடிக்கை. அவர்கள் பிள்ளைக்கு முப்பாட்டன் முப்பாட்டி வரிசையில் எட்டுப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் நாலே பேர். தன்னை 1, அப்பனை 2, அம்மாவை 3 என்று எண் போட்டு ஏறும் பழைய ஐரோப்பிய முறையில் 8ஆம் எண்காரரே 14, 9ஆம் எண்காரரே 15 என்று ஒரே ஆள் இரண்டு எண் சுமப்பார்.

இதற்கு இரண்டு வழி. கிராஃப்விஸ் போன்ற வரைகருவியிடம் விட்டால் ஆளை ஒரே தடவை போட்டுக் கோடுகளை வளைத்து வளைத்து இழுக்கும். சரியாக இருக்கும், ஆனால் வீட்டுச் சுவரில் மாட்ட யாரும் விரும்ப மாட்டார்கள், பாய் முடைந்த மாதிரி இருக்கும். மற்றது, ஆளை ஓரிடத்தில் முழுக் கட்டமாகவும் இன்னோர் இடத்தில் எண்ணோடு புள்ளிக்கோட்டுக் கட்டமாகவும் காட்டுவது. மலருக்கு இதுதான் என் வழக்கம். படத்தில் ஓர் ஆள் இரண்டு இடத்தில் நிற்கலாம். கோப்பில் ஒரு நாளும் நிற்கக் கூடாது.

கமிட்டி ஒன்று புள்ளிக்கோடு வேண்டாம், கோயில் மண்டபத்தில் வைக்கப் பெரிய ஃபிளெக்ஸ் வேண்டும், எல்லாரும் ஒரே ஒரு தடவை வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. சரி என்று வெட்டும் இடத்தில் சின்னப் பாலம் மாதிரி வளைவு போட்டு, திருத்தக்கூடிய கோப்பாகவே கொடுத்தனுப்பினேன். அச்சடித்த கடைப் பையன் பார்த்தான், கோடு கோட்டைத் தாண்டிப் போகிறது, யாரோ தவறாக இழுத்துவிட்டார்கள் என்று நினைத்து அழகாக நேராக்கிவிட்டான். நேராக்கியதும் கிழக்குத் தோட்டத்து அண்ணனுக்கும் தங்கைக்கும் கல்யாணம் ஆகிவிட்டது, மேற்குத் தோட்டத்திலும் அப்படியே. நல்லவேளை, மாதிரித் தாளைப் பார்க்கத் தொண்ணூறு வயது அப்புச்சி ஒருவரைக் கூட்டிப் போயிருந்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "இது எந்த ஊர்க் கூட்டமப்பா?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து கடைகளுக்கு நான் பி.டி.எஃப். மட்டும்தான் அனுப்புகிறேன்.